வெயிலுக்கு விலை உண்டு. கிணற்றுக்கு வழி உண்டா?



புதுப்பிக்கத்தக்க சக்திக்கு அரசாங்கம் அளிக்கும் ஆதரவை எந்த உரைகல்லில் உரைத்துப் பார்ப்பது? எத்தனை மெகாவாட் கிடைத்தது என்று மட்டும் கேட்பார் பலர். நாமோ மேலும் மூன்று வினாக்களைக் கேட்கிறோம். சொன்ன சொல் காக்கப்பட்டதா? பாரத்தைச் சுமந்தவர் யார்? பயனைப் பெற்றவர் யார்?

ஜேர்மனி 2000ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றியது. வெயிலிலும் காற்றிலும் பிறக்கும் மின்சாரத்துக்கு 20 ஆண்டுகள் நிலையான விலை தருவதாக அச்சட்டம் உறுதி கூறிற்று. அதை நம்பிக் கமக்காரரும் தம் கூரைகளில் சூரியத் தகடுகளைப் பதித்தனர். அன்று நூற்றுக்கு ஏழுக்கும் குறைவாக இருந்த புதுப்பிக்கத்தக்க மின்சாரம் 2023இல் பாதியைக் கடந்தது. ஆயினும் செலவு மின் கட்டணத்தில் ஏற்றப்பட்டது. பெருந் தொழிற்சாலைகள் பலவற்றுக்குச் சலுகை; குடும்பங்களுக்குச் சுமை! 2022 யூலையிலேதான் அந்த மேலதிகக் கட்டணம் நீக்கப்பட்டது.

இனி நம் நாட்டைப் பார்ப்போம். 2016இல் தொடங்கிய ‘சூரிய பல சங்கிராமய’ திட்டத்தின் ஒரு முறையில், கூரையிலிருந்து வழங்கும் மின்சாரத்தின் ஓர் அலகுக்கு முதல் 7 ஆண்டுகள் 22 ரூபாவும், அடுத்த 13 ஆண்டுகள் 15.50 ரூபாவும் என ஒப்பந்தம் எழுதப்பட்டது. 2022இல் நாணயம் சரிந்தது. எழுதிய எண் நின்றது. அதன் பெறுமதி கரைந்தது. பயன் பெற்றவரும், நல்ல கூரையும் வங்கிக் கடனும் வாய்த்தவரே.

கமக்காரன் நிலை யாது? 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் ஒன்று 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவாயிற்று. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் இயந்திரத்தால் நீர் இறைத்தவன் திகைத்து நின்றான். அவன் தலைமேல் காய்ந்த வெயிலுக்கு விலையில்லை. அதைப் பிடிக்கும் தகட்டுக்கோ அவனிடம் முதல் இல்லை.

ஆகவே, கிணற்றடிக்கும் குறைந்த வட்டிக் கடன் வேண்டும் என்கிறோம். ஒன்றையும் மறத்தலாகாது: செலவில்லை என்று அளவின்றி இறைத்தால், யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லில் தங்கிய நன்னீர் குன்றும், உவர்நீர் ஏறும். எனவே சொட்டுநீர்ப் பாசனத்தோடு இணைத்தே அவ்வுதவி வழங்கப்படல் வேண்டும்.

பொறியியலாளர் கணக்கிடுக! சட்டத்தரணிகள் ஒப்பந்தங்களைப் படித்து விளக்குக! கமக்காரர் தம் தேவையை உரத்துக் கூறுக! கூரைக்குக் கிடைத்த நீதி கிணற்றுக்கும் கிடைக்கும் நாளிலேயே இக்கொள்கை வென்றது என்று நாம் ஒப்புவோம்.