"ஏன் கத்தலை?"ன்னு கமெண்ட் போடுறதுக்கு முன்னாடி

(மாவட்டத் தகவல் தொழில்நுட்ப அணி பயிற்சிக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பெண்கள் பாதுகாப்புன்னு சொன்ன உடனே நாம தண்டனையைப் பத்திதான் பேசுவோம். தூக்குல போடணும், என்கவுண்டர் பண்ணணும்னு போஸ்டர் டிசைன் பண்ணுவோம். குற்றவாளிக்கு என்ன நடக்கணும்னு நமக்கு நல்லா தெரியும். பாதிக்கப்பட்ட பொண்ணோட மனசுக்குள்ள என்ன நடக்குதுன்னு நாம பேசறதே இல்லை. இன்னைக்கு அதைப் பேசியே ஆகணும். ஏன்னா அந்தப் பொண்ணு கையிலயும் ஒரு போன் இருக்கு. நாம எழுதுறதை அவங்களும் படிக்கிறாங்க.

ஒவ்வொரு சம்பவத்துக்குக் கீழேயும் மூணு கேள்வி தவறாம வரும். நம்ம பக்கத்துலயும் வருது. அந்த மூணுக்கும் பதில் தெரிஞ்சுக்கோங்க.

முதல் கேள்வி: ஏன் கத்தலை? ஏன் தள்ளிவிட்டுட்டு ஓடலை?

ஆபத்து வந்தா ஓடுவோம், இல்லேன்னா எதிர்த்து நிப்போம்னு நினைக்கிறோம். மூணாவதா ஒண்ணு இருக்கு. உடம்பு அப்படியே உறைஞ்சு போயிடும். கை கால் அசையாது, குரல் வராது. தப்பிக்க வழியே இல்லைன்னு மூளை முடிவு பண்ணும்போது அதுவா நடக்குற விஷயம் இது. நாம யோசிச்சு எடுக்குற முடிவு இல்லை. ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோம்ல, பாலியல் வன்முறைக்கு ஆளாகி அவசர சிகிச்சைக்கு வந்த 298 பெண்கள்கிட்ட எடுத்த ஆய்வு 2017-ல வெளியாச்சு. அதுல 70 சதவீதம் பேர் அந்த நேரத்துல இப்படி உறைஞ்சு போயிருந்தாங்க. அப்படி உறைஞ்சு போனவங்களுக்கு ஆறு மாசம் கழிச்சு மனநலப் பாதிப்பு இருக்குற வாய்ப்பும் ரெண்டு மடங்குக்கு மேல இருந்துச்சு. அதாவது, "கத்தலையே"ன்னு நாம யாரைச் சந்தேகப்படுறோமோ, அவங்களுக்குத்தான் காயம் அதிகம்.

நம்ம சட்டத்துக்கே இது புரிய ரொம்ப வருஷம் ஆச்சு. 1972-ல மகாராஷ்டிராவில் போலீஸ் ஸ்டேஷன் வளாகத்துலயே ஒரு பழங்குடிச் சிறுமி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானாங்க. உடம்புல காயம் இல்லை, எதிர்த்துப் போராடின அடையாளம் இல்லைன்னு சொல்லி, 1978-ல உச்ச நீதிமன்றம் ரெண்டு போலீஸ்காரங்களையும் விடுதலை பண்ணுச்சு. நாடு முழுக்கப் பெண்கள் தெருவுக்கு வந்து போராடினாங்க. 1983-ல சட்டம் திருத்தப்பட்டுச்சு. உடலால எதிர்க்கலைங்கிற ஒரே காரணத்துக்காக சம்மதிச்சதா எடுத்துக்கக் கூடாதுன்னு 2013-ல சட்டத்துலயே எழுதிட்டாங்க. பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அது இருக்கு. சட்டம் கைவிட்ட கேள்வியை நாம ஏன் இன்னும் கமெண்ட்ல கேட்டுட்டு இருக்கோம்?

ரெண்டாவது கேள்வி: ஏன் இத்தனை நாள் கழிச்சு புகார்?

நடந்ததுக்கு அப்புறம் அவங்க முதல்ல குற்றம் சொல்றது தன்னையேதான். "நான் அங்கே போயிருக்கக் கூடாது", "அவனை நம்பியிருக்கக் கூடாது". அம்மாகிட்ட சொன்னா படிப்பை நிறுத்திடுவாங்களோ, அப்பாவுக்குத் தெரிஞ்சா தாங்குவாரா, தங்கச்சி கல்யாணம் நின்னு போயிடுமோன்னு கணக்குப் போட்டுப் போட்டே நாள் ஓடும். வீடியோ எடுத்து வெச்சு மிரட்டினா அந்த பயம் இன்னும் பல மடங்கு. குடும்ப மானம்ங்கிற பயத்தால புகார் தாமதமாறது இயல்புதான், அதை வெச்சு வழக்கையே சந்தேகப்படக் கூடாதுன்னு 1996-லயே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு.

பொள்ளாச்சியை நினைச்சுப் பாருங்க. 2019-ல ஒரு மாணவி கொடுத்த புகார்லதான் அந்தக் கும்பலே வெளிய வந்துச்சு. அதுக்கு முன்னாடி பாதிக்கப்பட்டவங்க வாயைத் திறக்க முடியாம இருந்தாங்க. 2025 மே 13-ந்தேதி கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை கொடுத்துச்சு. பெயர் வெளிய தெரியாம அந்தப் பெண்கள் கோர்ட்டுல உறுதியா நின்னதாலதான் இது நடந்துச்சு.

மூணாவது கேள்வி: ஏன் மாத்தி மாத்திப் பேசறாங்க? சோகமாவே தெரியலையே?

ஞாபகம்ங்கிறது சிசிடிவி ஃபுட்டேஜ் மாதிரி வரிசையா பதிவாகுற விஷயம் இல்லை. உச்சகட்ட பயத்துல மூளை சில துண்டுகளை ஆழமா பதிச்சு வெச்சுக்கும். ஒரு வாசனை, ஒரு குரல், சுவத்துல ஓடின கடிகாரம். எது முன்னாடி, எது பின்னாடின்னு வரிசை குழம்பிடும். பொய் சொல்றவங்க கதையை ஒப்பிச்ச மாதிரி சொல்ல முடியும். நிஜமா அனுபவிச்சவங்களுக்கு அது துண்டு துண்டாத்தான் வரலாம்.

அழறதும் அப்படித்தான். 1974-ல அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவமனைக்கு வந்த பெண்களோட பேசி ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் எழுதின கட்டுரையில, சிலர் அழுதாங்க, நடுங்கினாங்க. சிலர் ரொம்ப அமைதியா, கட்டுப்பாடா இருந்தாங்கன்னு பதிவு பண்ணியிருக்காங்க. மனசு மரத்துப் போறதும் ஒரு பாதிப்புதான். அதுக்கப்புறம் தூக்கம் போகும். திடீர்னு அந்தக் காட்சி கண்ணு முன்னாடி வரும். கதவு சாத்துற சத்தத்துக்கே தூக்கிப் போடும். பஸ்ல ஏற முடியாது, காலேஜ் பக்கம் போக முடியாது, சாப்பாடு இறங்காது. செத்துடலாம்னு தோணும். இதையெல்லாம் சேர்த்துத்தான் பி.டி.எஸ்.டி.ன்னு டாக்டர்கள் சொல்றாங்க. பையன்களுக்கும் ஆண்களுக்கும் இதே வலிதான், அவங்க இன்னும் அதிகமா மறைக்கிறாங்க.

சரி, இதுல ஐ.டி. விங்குக்கு என்ன வேலை?

2019-ல பொள்ளாச்சி மாணவியோட பெயர் அரசாணையிலயே வெளியாச்சு. 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டுச்சு. 2024 டிசம்பர்ல அண்ணா பல்கலைக்கழக மாணவியோட எஃப்.ஐ.ஆர். வெளிய கசிஞ்சுது. மறுபடியும் 25 லட்சம் இழப்பீடு, மறுபடியும் உயர் நீதிமன்றம். அந்த எஃப்.ஐ.ஆர். எழுதப்பட்ட விதத்தையும் நீதிமன்றம் கண்டிச்சுது. 2019-ல ஒரு ஆட்சி, 2024-ல வேற ஆட்சி. காயம் மட்டும் ஒண்ணு. ஆட்சியைக் கேள்வி கேளுங்க, கண்டிப்பா கேக்கணும். ஆனா அரசாங்கம் கசியவிட்டதை போன் போனா கொண்டுபோய்ச் சேர்த்தது யாரு? ஃபார்வர்ட் பண்ணின கைகள். அதுல எல்லாக் கட்சிக்காரங்க கையும் இருந்துச்சு.

அந்தப் பொண்ணுக்கு அது ரெண்டாவது தாக்குதல். முதல் தாக்குதல் நடந்த இடம் ஒண்ணு, நேரம் ஒண்ணு. இது எந்நேரமும் எங்கேயும் தொடரும். பக்கத்து வீட்டுக்காரர் பார்த்திருப்பாரா, வாத்தியார் பார்த்திருப்பாரான்னு ஒவ்வொரு முகத்தையும் பார்த்துப் பயப்படணும்.

ஆனா இதுல இருந்து மீண்டு வர முடியும். 1992-ல அமெரிக்காவுல வெளியான ஆய்வுல, சம்பவம் நடந்து ரெண்டு வாரத்துல 94 சதவீதம் பேருக்கு இந்த அறிகுறிகள் இருந்துச்சு. மூணு மாசத்துல அது 47 சதவீதமா குறைஞ்சுது. அந்த மூணு மாசத்துல சுத்தி இருக்குறவங்க நம்பினா, பழி சொல்லாம இருந்தா, சிகிச்சை கிடைச்சா, மீள்றது சுலபமாகும். அதே மூணு மாசம்தான் நாம ஹேஷ்டேக் டிரெண்ட் பண்ற மாசமும்.

அதனால நம்ம அணிக்கு நாலு விதி.

ஒண்ணு, பெயர், படம், ஊர், காலேஜ், வகுப்பு, சொந்தக்காரங்க பேட்டி, எஃப்.ஐ.ஆர். எதையும் பகிராதீங்க. முகத்தை மங்கலாக்கிட்டா போதும்னு நினைக்காதீங்க. அடையாளத்தை வெளியிட்டா பி.என்.எஸ். 72-வது பிரிவுல ரெண்டு வருஷம் வரை சிறை.

ரெண்டு, சம்பவத்தை விவரிக்காதீங்க. என்ன செஞ்சாங்கன்னு வரி வரியா எழுதுறது நீதிக்கு உதவாது. கேள்வி எல்லாம் குற்றவாளிக்கும் காவல் துறைக்கும் அரசுக்கும் மட்டும்.

மூணு, "சீரழிஞ்சவள்", "வாழ்க்கையே போச்சு"ன்னு எழுதாதீங்க. அவங்க வாழ்க்கை போகலை. அவங்களுக்கு ஒரு குற்றம் இழைக்கப்பட்டிருக்கு.

நாலு, இதுதான் கஷ்டமான விதி. குற்றம் சாட்டப்பட்டவர் எதிர்க்கட்சின்னா "நீதி வேண்டும்", நம்ம ஆளுன்னா "சதி"ன்னு எழுதுற பழக்கம் இங்கே செல்லாது. நாளைக்கே நம்ம கட்சிக்காரர் ஒருத்தர் மேல புகார் வரலாம். அன்னைக்கு அந்தப் பொண்ணோட பழைய போட்டோவைத் தோண்டி எடுக்குறவங்க நம்ம குரூப்ல இருக்கக் கூடாது. அட்மின்கள் அன்னைக்கே நீக்கணும்.

உங்ககிட்ட யாராவது வந்து சொன்னா, குறுக்குக் கேள்வி கேக்காதீங்க. "நான் நம்புறேன். தப்பு உன்மேல இல்லை. இப்போ உனக்கு என்ன வேணும்?" இது போதும். போலீஸுக்குப் போறதா வேண்டாமான்னு பெரியவங்களா இருந்தா அவங்களே முடிவு பண்ணட்டும். 18 வயசுக்குக் கீழேன்னா புகார் கொடுப்பது சட்டக் கடமை.

இந்த நம்பர்களை சேமிச்சு வையுங்க:
பெண்கள் உதவி எண் 181
குழந்தைகள் உதவி எண் 1098
மனநல ஆலோசனை, டெலி மானஸ் 14416

அரசு மருத்துவமனையோ தனியாரோ, முதலுதவியும் சிகிச்சையும் இலவசமா, உடனே கொடுத்தே ஆகணும். மறுத்தா அது குற்றம். எந்த ஸ்டேஷன்லயும் புகார் கொடுக்கலாம், எல்லை காரணம் சொல்லித் திருப்பி அனுப்ப முடியாது.

இதைப் படிக்கிற உங்கள்ல சிலருக்கே இது நடந்திருக்கலாம். எண்ணிக்கையை யோசிச்சா கண்டிப்பா இருப்பீங்க. உங்களுக்குத் தனியா ஒண்ணு சொல்றோம்: இந்தப் பக்கத்துல உங்களைக் கேள்வி கேக்குற கமெண்ட் வந்தா நாங்க நீக்குவோம். நீங்க எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை.



#கேள்வி_குற்றவாளிக்கு
#அடையாளம்_காப்போம்