பரிந்துரைச் சீட்டோடு வெளியேறுவது நோயாளி மட்டுமல்ல

(பெங்களூரு ரிச்சர்ட்ஸ் டவுனில் நடைபெற்ற கட்சி உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



நாம் கூடியிருக்கும் இப்பகுதிக்கு அருகே, சிவாஜிநகரில், பவுரிங் – லேடி கர்சன் மருத்துவமனை இருக்கிறது. தமிழ் உழைப்பாளி மக்கள் தலைமுறை தலைமுறையாக நம்பி வந்த மருத்துவமனை. இன்று அது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் ஆகும். இத்தகைய நிறுவனங்களுக்குக் கடமைகள் இரண்டு: நோயாளியைக் குணப்படுத்துவது, நாளைய மருத்துவரை உருவாக்குவது. இரண்டையும் தாங்கி நிற்பது பொதுநிதி.

அந்த அடித்தளமே மாற்றப்பட்டு வருகிறது. 2018இல் ஆயுஷ்மான் பாரத் – ஆரோக்கிய கர்நாடகா திட்டம் வந்தது. ஏழைக் குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. அரசு மருத்துவமனையில் செய்ய இயலாத சிக்கலான சிகிச்சைக்கு, பரிந்துரைச் சீட்டு பெற்றுத் தனியார் மருத்துவமனைக்குச் செல்லலாம். செலவை அரசு ஏற்கும்.

நோயாளிக்கு இது நிவாரணம் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால், அந்தச் சீட்டோடு வெளியேறுபவை மூன்று: நோயாளி, மக்களின் வரிப்பணம், மாணவர் கற்றிருக்க வேண்டிய பாடம். இயந்திரமும் நிபுணரும் இல்லாததால் நோயாளி அனுப்பப்படுகிறார். அவரோடு பணமும் போவதால் இயந்திரமும் நிபுணரும் வருவதில்லை. இந்த நச்சுச் சுழலில் கொழுப்பது தனியார் மூலதனமே.

அரசு மருத்துவமனைகளும் சிகிச்சைக்கு இவ்வளவு என்று திட்டத்திடமிருந்து தொகை பெறுகின்றன. தொகை ஈட்டும் அறுவை சிகிச்சைக்கு முன்னுரிமை தரும் நிர்ப்பந்தம் இதனால் எழுகிறது. மாணவர் அன்றாடம் கற்கும் புறநோயாளிப் பிரிவோ ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டு வரம்புக்குள் இல்லை. பற்றாக்குறையை யார் தலையில் கட்டுகிறார்கள்? 2024 நவம்பரில் விக்டோரியா மருத்துவமனையில் புறநோயாளிப் பதிவுக் கட்டணம் 10 ரூபாயிலிருந்து 20 ரூபாயாக உயர்த்தப்பட்டது. தினக்கூலித் தொழிலாளிக்கு இது சிறு தொகை அல்ல.

அடுத்த கட்டம் நேரடித் தனியார்மயம். மாவட்ட மருத்துவமனைகளைத் தனியார் மருத்துவக் கல்லூரிகளோடு 60 ஆண்டுகளுக்கு இணைக்கும் வரைவை 2020இல் நிதி ஆயோக் முன்வைத்தது. விஜயபுராவில் அரசு – தனியார் கூட்டு மருத்துவக் கல்லூரி வேண்டாம், முழுமையான அரசுக் கல்லூரியே வேண்டும் என்று மக்கள் 2025இல் தொடர் போராட்டத்தில் இறங்கினர். அது நம் அனைவரின் போராட்டம்.

பொதுச் சுகாதாரச் செலவை 2025க்குள் உள்நாட்டு உற்பத்தியில் 2.5 விழுக்காடாக உயர்த்துவதாக ஒன்றிய அரசின் 2017 சுகாதாரக் கொள்கை கூறியது. அந்த இலக்கு எட்டப்படவில்லை. எனவே நம் கோரிக்கைகள் தெளிவானவை: காப்பீட்டுத் தொகையைக் காட்டி நிதிநிலை ஒதுக்கீட்டைக் குறைக்காதே! கட்டண உயர்வைத் திரும்பப் பெறு! காலிப் பணியிடங்களை நிரந்தரமாக நிரப்பு! எந்தச் சிகிச்சைக்கு எத்தனை பேர் வெளியே அனுப்பப்பட்டனர் என்பதை ஆண்டுதோறும் வெளியிட்டு, அந்த வசதியை அரசு மருத்துவமனையிலேயே உருவாக்கு!

இக்கோரிக்கைகளை வீடு வீடாகக் கொண்டு செல்வோம், தோழர்களே!