பில் டிரெய்லரின் அட்டை



ஓவியருக்குப் பிடித்த கருவிகள் என்றதும் விலை உயர்ந்த தூரிகைகளும் வெளிநாட்டுத் தாள்களும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. இந்த நினைவுப் பேருரையில் நாம் பேசப்போவது ஒரு பென்சில் துண்டையும், ஒரு குச்சியையும், கடைக்காரர்கள் தூக்கி எறிந்த அட்டையையும் பற்றி.

பில் டிரெய்லர் ஏறத்தாழ 1853இல் அமெரிக்காவின் அலபாமாவில் ஒரு பருத்திப் பண்ணையில் அடிமையாகப் பிறந்தவர். டிரெய்லர் என்பதே அவரை உடைமையாக வைத்திருந்த குடும்பத்தின் பெயர். அடிமைமுறை ஒழிந்த பிறகும் பல பத்தாண்டுகள் பிறர் நிலத்தில் உழைத்தார். முதுமையில் மாண்ட்கமரி நகரத்துக்கு வந்தார். இரவில் ஒரு சவ அடக்க நிலையத்தின் பின்கட்டில் படுத்துக்கொண்டார். 1939 வாக்கில், எண்பத்தைந்து வயதை ஒட்டி, கறுப்பின மக்களின் கடைவீதியான மன்ரோ தெருவோரம் உட்கார்ந்து வரையத் தொடங்கினார்.

குச்சியை அளவுகோலாக வைத்து உடலைக் கட்டமாக வரைவார். பிறகு தலை, கை, கால். அட்டையில் கறை இருந்தால், ஓரம் கிழிந்திருந்தால், உருவம் அதற்கேற்ப வளையும், சாயும்.

சார்லஸ் ஷானன் என்ற வெள்ளையின இளம் ஓவியர் அவருக்குப் போஸ்டர் வண்ணங்களும் புது அட்டைகளும் கொண்டுவந்து கொடுத்தார். டிரெய்லர் வண்ணங்களை உடனே எடுத்துக்கொண்டார். அவருடைய அடர்நீலம் இன்றும் பேசப்படுகிறது. புது அட்டைகளையோ, பழசாகட்டும் என்று ஒதுக்கி வைத்துவிட்டார்.

இந்த இடத்தில்தான் நாம் கவனமாக இருக்க வேண்டும். ‘வறுமையிலும் மலர்ந்த கலை’ என்று இதைப் பாராட்டுகிறவர்கள் உண்டு. அந்தப் பாராட்டு அவருடைய அறிவை மறைத்து, வறுமைக்குப் பெருமை சேர்க்கிறது. வண்ணத்தை ஏற்று அட்டையை ஒதுக்கியது ஒரு கலைஞரின் முடிவு. இல்லாமை வேறு, தேர்வு வேறு. புது அட்டை கைக்கு வந்த பிறகுதான் பழைய அட்டை அவருடைய தேர்வு ஆனது. அதுவரை அது கிடைத்த பொருள் மட்டுமே.

ஆகவே, நம் சேரிப் பிள்ளைகளிடம் ‘உங்களுக்குக் கரித்துண்டும் சுவரும் போதும், அதுதான் மண்ணின் கலை’ என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. நல்ல தாளும் வண்ணமும் முதலில் அவர்கள் கைக்கு வரட்டும். எதை எடுப்பது, எதை ஒதுக்குவது என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும்.

டிரெய்லர் 1949இல் இறந்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட அவருடைய படங்கள் எஞ்சியிருக்கின்றன. 2018இல் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலை அருங்காட்சியகம் அவற்றில் ஒரு பகுதியைப் பெருங்கண்காட்சியாக வைத்தது. அவர் புதைக்கப்பட்ட இடத்தில் பெயர் பொறித்த கல் நடப்பட்டதும் அந்த ஆண்டில்தான்.