ஜெருசலேம் அவர்கள் கையில் நிலைத்திருந்தால்...



“இப்படி நடந்திருந்தால்?” என்ற வினாவைக் கேட்க வரலாற்றாசிரியர் கூசுவர். இலக்கியம் கற்றோருக்கு அந்தக் கூச்சம் இல்லை. மகா அலெக்சாந்தர் மேற்கே திரும்பி உரோமாபுரியைத் தாக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று, உரோம வரலாறு எழுதிய லிவியே தம் நூலில் சில பக்கங்களை ஒதுக்கியிருக்கிறார். அந்தத் துணிவில், மத்திய காலச் சிலுவைப் போர்கள் வென்றிருந்தால் என்ற வினாவை இன்று எடுத்துக்கொள்கிறேன்.

முதற் போர் வென்றது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். 1095இல் பாப்பரசர் இரண்டாம் ஏர்பன் கிளெர்மொன்ற் நகரில் விடுத்த அழைப்பை ஏற்றுச் சென்ற படை, 1099 ஜூலை 15இல் ஜெருசலேமைக் கைப்பற்றியது. நகர மக்கள் வெட்டி வீழ்த்தப்பட்டனர். இவ்வெற்றிக்குப் படையினரின் வீரம் மட்டும் காரணமன்று. 1092இல் செல்ஜூக் சுல்தான் மாலிக் ஷா இறந்தபின் அவர் வாரிசுகள் தமக்குள் பொருதிக்கொண்டிருந்தனர். எகிப்தின் பாத்திமிய அரசோ அதற்கு முந்திய ஆண்டில்தான் ஜெருசலேமைச் செல்ஜூக்கியர் பக்கத்தவரிடமிருந்து பறித்திருந்தது. ஆகவே, பிடித்ததை ஏன் வைத்திருக்க முடியவில்லை என்பதே நம் வினாவாக வேண்டும்.

ஜேர்மானியப் பேரரசர் பிரெடரிக் பார்பரோசா 1190இல் ஆற்றில் மூழ்கி இறவாதிருந்தால் எல்லாம் மாறியிருக்கும் என்பார் உளர். எனக்கு அதில் அத்துணை நம்பிக்கை இல்லை. 1192இல் இங்கிலாந்து மன்னன் ரிச்சார்ட் இருமுறை ஜெருசலேமை அண்மித்தும் திரும்பிவிட்டான். நகரைப் பிடித்தாலும் படைவீரர் நேர்த்தி முடிந்ததென்று ஊர் திரும்பிவிடுவர், பின் காப்பது யார் என்று அந்நாட்டை அறிந்தோர் அவனுக்கு எடுத்துரைத்தனர். பார்பரோசாவின் வீரரும் ஊர் திரும்பவே செய்திருப்பர்.

அவர்களின் உண்மையான இழப்பு எகிப்தில் நேர்ந்தது. ஜெருசலேம் மன்னன் அமல்ரிக் எகிப்துடன் உடன்படிக்கை செய்திருந்தவன். 1168இல் அதை மீறிப் படையெடுத்து, பில்பெய்ஸ் நகரில் மக்களைக் கொன்று குவித்தான். அஞ்சிய எகிப்தியர் சிரியாவின் நூருத்தீனிடம் உதவி கேட்டனர். அங்கிருந்து வந்த தளபதி ஷிர்கூவுடன் அவர் சகோதரர் மகனும் வந்தார். அவரே சலாஹுத்தீன். 1169இல் எகிப்தின் அமைச்சராகி, 1187இல் ஹத்தீன் போர்க்களத்திலே சிலுவைப் படையை முறியடித்து ஜெருசலேமை மீட்டவரும் அவரே. அமல்ரிக் சொன்ன சொல்லைக் காத்திருந்தால் சலாஹுத்தீன் கெய்ரோவுக்கு வரவேண்டிய தேவையே எழுந்திராது. மாற்று வரலாறு எழுத விரும்புவோர் இந்த இடத்தில் பேனாவை ஊன்றலாம்.

எகிப்து அவர்களோடு இணங்கி நின்றிருப்பின் செங்கடல் வழி வந்த மிளகும் கறுவாவும் ஐரோப்பாவுக்குத் தடையின்றிப் போயிருக்கும். ஆபிரிக்காவைச் சுற்றிக் கடல்வழி தேடும் அவசியம் குறைந்திருக்கும். போர்த்துக்கேயக் கப்பற் பாய்களில் தீட்டப்பட்ட சிலுவை, தெம்ப்ளார் வீரசபையின் சொத்துக்களை அந்நாட்டில் பெற்ற கிறிஸ்து சபையின் சின்னமாகும். அப்பாய்களை 1505இல் நம் தீவும் கண்டது. 1619இல் யாழ்ப்பாண அரசு வீழ்ந்தது. இது கற்பனைதான். எனினும் நல்லூரில் நின்று நைல் நதியை நினைப்பது அவ்வளவு தொடர்பற்ற செயலன்று.

சரி, அவர்கள் நிலைத்திருந்தால் அந்நாடு எப்படி இருந்திருக்கும்? உசாமா இப்னு முன்கித் என்ற சிரியப் பிரபுவின் நினைவுக் குறிப்புகள் இதற்கு ஒரு சாளரம். ஜெருசலேமிலே அவர் தொழுதுகொண்டிருந்தபோது, புதிதாக வந்த ஐரோப்பியன் ஒருவன் பாய்ந்து பிடித்து, கிழக்கு நோக்கித் தொழு என்று திருப்பினான். உசாமாவின் நண்பர்களான தெம்ப்ளார் வீரர்கள் அவனை இழுத்து அகற்றி, இவன் இப்போதுதான் வந்தவன் என்று மன்னிப்புக் கேட்டனர். நெடுநாள் வாழ்ந்தவனுக்கு அயலவன் நண்பனாகிவிட்டான்; புதிதாய் வந்தவனுக்கோ அவன் பகைவன். ஐரோப்பாவிலிருந்து ஒவ்வொரு புதுப் படை வந்தபோதும் இந்தப் பழக்கமே குலைந்தது.

வெற்றி வலியவே வந்து கதவைத் தட்டிய காலமும் உண்டு. 1219இல் எகிப்தின் சுல்தான் அல்-காமில், படை எகிப்தை விட்டகன்றால் ஜெருசலேமையே தருவதாகச் சொன்னார். ஏற்கலாம் என்றான் ஜோன் மன்னன். பாப்பரசரின் பிரதிநிதி பெலேஜியஸ் மறுத்தார். 1221இல் கெய்ரோவை நோக்கி நடந்த படை நைல் வெள்ளத்தில் அகப்பட்டுச் சரணடைந்தது.

1229இல் அதே அல்-காமிலிடம், திருச்சபையால் விலக்கி வைக்கப்பட்டிருந்த பேரரசர் இரண்டாம் பிரெடரிக் பேச்சுவார்த்தையாலேயே ஜெருசலேமைப் பெற்றார். பெத்லகேமும் நாசரேத்தும் கிடைத்தன. முஸ்லிம்களின் புனித வளாகம் முஸ்லிம்களிடமே இருந்தது. அக்காலத்தில் இதனினும் பெரிய வெற்றியை நான் கற்பனை செய்ய இயலாது. ஆனால், ஜெருசலேமில் வழிபாடுகளைத் தடைசெய்தார் அந்நகரின் கிறிஸ்தவத் தலைமைக் குரு. டமஸ்கஸ் பள்ளிவாசலில் அல்-காமிலைப் பழித்துப் பிரசங்கம் நிகழ்ந்தது. பிரெடரிக் ஆக்ரா துறைமுகத்தில் கப்பலேறச் சென்றபோது, இறைச்சிக் கடைத் தெருவிலிருந்தோர் குடலையும் கழிவு இறைச்சியையும் அவர் மீது வீசினர்.