மறைத்தது எல்லாம் பூட்டியது ஆகாது

(கணக்கு எழுதும் தன்னார்வலர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் நடந்த பயிற்சி வகுப்பில் அறக்கட்டளைச் செயலாளர் பேசியதன் எழுத்து வடிவம்)

 

இன்று எக்ஸெல் புழங்காத வீடு நம் தெருவில் குறைவு. கடைக் கணக்கு அதில்தான். ஜமாஅத் சந்தாப் பதிவு அதில்தான். படிப்பு உதவி, மருத்துவ உதவி கேட்டு வருகிறவர்களின் பட்டியலும் அதில்தான். "அந்த ஃபைலைக் கொஞ்சம் அனுப்புங்க" என்று ஒருவர் கேட்டால், வாட்ஸ்அப்பில் ஐந்து நிமிடத்துக்குள் நாற்பது கைக்குப் போய்விடுகிறது. ஆகவே இன்றைக்கு ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்வோம். எக்ஸெல் ஃபைலைத் திரையில் எப்படிக் காட்டுவது, அப்படி அமைத்த காட்சி கலையாமல் எப்படிக் காப்பது, எந்த இடத்தில் அந்தக் காட்சியை நம்பக்கூடாது என்பதுதான் அது.

நம் வீட்டு வாசலை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒரு திரைச்சீலை தொங்கும். உள்ளே கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கும். வெளியூர் போனால் பூட்டுப் போடுவோம். திரை கண்ணை மறைக்கும், கையைத் தடுக்காது. தாழ்ப்பாள் தெரியாத்தனமாகத் தள்ளுகிறவரைத் தடுக்கும். திறக்கவேண்டும் என்று வந்தவரைத் தடுக்காது. பூட்டு வேறு. எக்ஸெல்லிலும் இந்த மூன்றும் தனித்தனியாக இருக்கின்றன. மூன்றையும் ஒன்றாக நினைப்பதால்தான் ஆபத்து வருகிறது.

முதலில் திரை

'வியூ' பட்டியலில் இருப்பவை எல்லாம் திரை வகை. நீங்கள் அதிகம் பயன்படுத்துவது 'ஃப்ரீஸ் பேன்ஸ்'. முந்நூறு பேர் பட்டியலில் கீழே போகப் போகத் தலைப்பு மேலே போய் மறைந்துவிடும். எந்த நெடுவரிசை தொகை, எந்த நெடுவரிசை குடும்ப அட்டை எண் என்பது குழம்பிவிடும். தலைப்பு 3-ஆவது வரிசை வரைக்கும், பெயர் 'ஏ' நெடுவரிசையிலும் இருந்தால், 'பி4' செல்லில் கர்சரை வைத்து ஃப்ரீஸ் செய்யுங்கள். அந்தச் செல்லுக்கு மேலே உள்ளதும் இடப்பக்கம் உள்ளதும் நிலைத்து நிற்கும். ஒரு கவனம் வேண்டும். ஷீட்டைக் கீழே உருட்டி வைத்த நிலையில் ஃப்ரீஸ் செய்தால், மேலே போய்விட்ட வரிசைகளைப் பிறகு எவ்வளவு உருட்டினாலும் பார்க்க முடியாது. வரிசைகள் அழிந்துவிட்டன என்று பதற வேண்டாம். 'அன்ஃப்ரீஸ்' கொடுத்து, உச்சிக்குப் போய், மறுபடி ஃப்ரீஸ் செய்தால் போதும்.

'நியூ விண்டோ' என்பது ஒரே ஃபைலை இரண்டு ஜன்னல்களில் காட்டும். ஒரு ஜன்னலில் வரவு ஷீட், இன்னொன்றில் செலவு ஷீட் வைத்து ஒப்பிடலாம். இது இரண்டாவது பிரதி அல்ல. ஒன்றில் திருத்தினால் மற்றதிலும் திருந்தும். பழைய பதிப்புகளில், புதிதாகத் திறந்த ஜன்னலுக்கு ஃப்ரீஸ் முதலிய அமைப்புகள் வராது. முதல் ஜன்னலை மூடிவிட்டுப் புதியதைச் சேமித்தால், பாடுபட்டு அமைத்த காட்சி போய்விடும். அதனால் இரண்டாவதாகத் திறந்ததை முதலில் மூடுங்கள்.

அடிக்கடி வரும் இரண்டு பயங்களையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். ஃபைலைத் திறந்தால் சாம்பல் நிறத்தில் வெறுமையாகத் தெரிகிறதா? யாரோ 'வியூ' பட்டியலில் 'ஹைட்' கொடுத்து ஜன்னலையே மறைத்துச் சேமித்திருக்கலாம். அதே இடத்தில் 'அன்ஹைட்' கொடுங்கள். கீழே ஷீட் பெயர்கள் ஒன்றுகூடத் தெரியவில்லையா? 'ஃபைல்', 'ஆப்ஷன்ஸ்', 'அட்வான்ஸ்டு' போய், 'ஷோ ஷீட் டேப்ஸ்' என்ற கட்டத்தில் டிக் போடுங்கள். இரண்டிலும் கணக்கு பத்திரமாகத்தான் இருக்கிறது, காட்சிதான் மாறியிருக்கிறது.

அடுத்தது தாழ்ப்பாள்

'ரிவ்யூ' பட்டியலில் 'ப்ரொடெக்ட் ஒர்க்புக்' என்று ஒன்று உண்டு. 2007, 2010 பதிப்புகளில் அதற்குள் இரண்டு கட்டங்கள் இருந்தன. 'ஸ்ட்ரக்சர்' என்பது ஷீட்டுகளைச் சேர்ப்பதையும், நீக்குவதையும், பெயர் மாற்றுவதையும், மறைத்ததைத் திறப்பதையும் தடுக்கும். 'விண்டோஸ்' என்பது ஜன்னலை நகர்த்துவதையும், அளவு மாற்றுவதையும், மூடுவதையும் தடுக்கும். 2013 பதிப்பிலிருந்து ஒவ்வொரு ஒர்க்புக்கும் தனித்தனி ஜன்னலில் திறக்கிறது. அதனால் விண்டோஸ் கணினிகளில் அந்த இரண்டாவது கட்டம் இப்போது மங்கலாக நிற்கும், டிக் ஆகாது. உங்கள் கணினி பழுதாகவில்லை, அந்த வசதிதான் இப்போது இல்லை.

அப்படியானால் காட்சி கலையாமல் காப்பது எப்படி? மூன்று வழிகள் சொல்கிறேன். ஒன்று, மாதாமாதம் ஒரே வடிவில் எழுதும் படிவத்தை 'டெம்ப்ளேட்' ஆகச் சேமியுங்கள். திறக்கும்போதெல்லாம் புதுப்பிரதிதான் வரும். மூலம் கைபடாமல் இருக்கும். இரண்டு, 'கஸ்டம் வியூஸ்' மூலம் ஒரு காட்சியைப் பெயர் கொடுத்துச் சேமித்தால், யார் கலைத்தாலும் ஒரு சொடுக்கில் திரும்ப வந்துவிடும். ஆனால் ஃபைலில் எங்காவது 'டேபிள்' போட்டிருந்தால் இது வேலை செய்யாது. மூன்று, 'ப்ரொடெக்ட் ஷீட்'. இதில் எல்லாச் செல்களும் ஏற்கெனவே 'லாக்டு' என்றே இருக்கும். ப்ரொடெக்ட் கொடுத்த பிறகுதான் அது செயலுக்கு வரும். ஆகவே நிரப்பவேண்டிய செல்களுக்கு மட்டும் முன்கூட்டியே அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். சூத்திரம் உள்ள செல்லில் தப்பாகக் கைபட்டு மொத்தத் தொகை கெடுவதை இது தடுக்கும்.

இதுவரை சொன்னது வசதி. இனிச் சொல்லப்போவதைத்தான் இன்று நீங்கள் வீட்டுக்கு எடுத்துப் போகவேண்டும்.

தாழ்ப்பாள் பூட்டு அல்ல

உதவி பெறுகிறவர்களின் பட்டியலில் பெயர், முகவரி, தொலைபேசி எண், நோய் விவரம் எல்லாம் இருக்கிறது என்று வையுங்கள். தொகை மட்டும் தெரிந்தால் போதும் என்று மற்ற நெடுவரிசைகளை 'ஹைட்' செய்து, ஷீட்டுக்கு ப்ரொடெக்ட் போட்டு, பாஸ்வேர்டும் கொடுத்து, குழுவில் அனுப்புகிறோம். பாதுகாப்பாக இருக்கிறது என்று மனம் நிம்மதி அடைகிறது. ஆனால் வாங்கியவர், சூத்திரப் பட்டைக்குப் பக்கத்திலுள்ள பெயர்ப் பெட்டியில் 'சி5' என்று தட்டினால், மறைத்த செல்லில் இருப்பது மேலே சூத்திரப் பட்டையில் தெரியும். மறைத்த இடத்தையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, காப்பி செய்து, புது ஷீட்டில் ஒட்டினால் எல்லாம் வந்து விழும். பாஸ்வேர்டு தேவையே இல்லை. ஷீட் ப்ரொடெக்ஷன் பாதுகாப்புக்கான வசதி அல்ல என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனமே எழுதி வைத்திருக்கிறது. கூகுள் ஷீட்ஸிலும் இதே நிலைதான்.

இது சின்ன விஷயம் என்று நினைக்கவேண்டாம். வட அயர்லாந்தில் 2023 ஆகஸ்ட் 8 அன்று, எந்தப் பதவியில் எத்தனை பேர் என்று தகவல் உரிமையில் ஒருவர் கேட்ட கேள்விக்குக் காவல்துறை ஓர் எக்ஸெல் ஃபைலைப் பதிலாக அனுப்பியது. கண்ணுக்குத் தெரிந்த ஷீட்டில் கேட்ட எண்ணிக்கை இருந்தது. மறைந்திருந்த இன்னொரு ஷீட்டில் 9,483 காவலர்கள், ஊழியர்களின் குடும்பப்பெயர், பெயரின் முதலெழுத்து, பதவி, பணியிடம் அத்தனையும் இருந்தன. ஃபைல் இணையத்தில் வெளியானது. ஆயுதக் குழுக்களின் மிரட்டல் உள்ள ஊர் அது. அக்கம்பக்கத்தாரிடம்கூடத் தம் வேலையைச் சொல்லாமல் வாழ்கிறவர்கள் அந்தக் காவலர்கள். 2024-இல் அந்தத் துறைக்கு 7,50,000 பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. ஆனால் வெளியே போன பெயர்களை அபராதம் திரும்பக் கொண்டுவராது.

இன்னொன்று. பிரிட்டனில் தஞ்சம் கேட்டு விண்ணப்பித்த ஆப்கானியர்கள் சுமார் 19,000 பேரின் விவரங்கள், 2022 பிப்ரவரியில் பாதுகாப்பு அமைச்சகத்திலிருந்து ஒரு ஃபைலோடு வெளியே போயின. சிறு பட்டியல்தான் அனுப்புகிறோம் என்று அனுப்பியவர் நினைத்தார். உள்ளே மறைந்திருந்தது முழுப் பட்டியல். விஷயம் பொதுவெளிக்கு வந்தது 2025 ஜூலையில்தான். உயிருக்குப் பயந்து விண்ணப்பித்த குடும்பங்களின் பெயர் அது என்பதை நினைத்துப் பாருங்கள்.

பணத்திலும் இப்படி நடந்திருக்கிறது. 2008-இல் லேமன் பிரதர்ஸ் திவாலானபோது அதன் சொத்துகளை பார்க்லேஸ் வங்கி வாங்கியது. எந்த ஒப்பந்தங்களை வாங்குகிறோம் என்ற எக்ஸெல் பட்டியலில், வேண்டாத 179 ஒப்பந்தங்களை நீக்காமல் மறைத்து மட்டும் வைத்திருந்தார்கள். வழக்கறிஞர் அலுவலகத்தில் பட்டியலைச் சீரமைத்தபோது அந்த வரிசைகள் வெளியே வந்து, நீதிமன்றத்தில் தாக்கலான பட்டியலிலும் ஏறிவிட்டன.

நம் அளவிலும் ஒரு கணக்கு பாருங்கள். 40 மாணவர்களுக்கு ஆளுக்கு 5,000 ரூபாய் உதவித்தொகை. மொத்தம் 2,00,000. மூன்று வரிசைகளை மறைத்துவிட்டுப் பட்டியலைக் கூட்டத்தில் காட்டினால், 37 பெயர்தான் தெரியும். அவற்றைக் கூட்டினால் 1,85,000. ஆனால் 'சம்' சூத்திரம் மறைந்ததையும் சேர்த்து 2,00,000 என்றே காட்டும். "மீதி 15,000 எங்கே?" என்று ஒருவர் எழுந்து கேட்டால், நேர்மையாக எழுதிய கணக்கும் சந்தேகத்துக்கு ஆளாகும். தெரிகிற வரிசைகளை மட்டும் கூட்டவேண்டும் என்றால் 'சப்டோட்டல்' சூத்திரத்தில் 109 என்ற எண்ணைப் பயன்படுத்துங்கள். 9 என்று போட்டால் ஃபில்டரில் மறைந்தவற்றைத்தான் விடும். கையால் மறைத்ததைச் சேர்த்துக்கொள்ளும்.

பூட்டுவது எப்படி

உண்மையான பூட்டு 'ஃபைல்', 'இன்ஃபோ', 'ப்ரொடெக்ட் ஒர்க்புக்' என்ற இடத்தில் உள்ள 'என்கிரிப்ட் வித் பாஸ்வேர்டு'. இது ஃபைலையே சங்கேதமாக்கிவிடும். பாஸ்வேர்டு இல்லாமல் திறக்காது. மறந்துவிட்டால் மைக்ரோசாஃப்டாலும் எடுத்துத் தரமுடியாது. ஆகவே பாஸ்வேர்டைப் பொறுப்பாளர் இருவர் அறிந்திருக்கவேண்டும். ஃபைல் போகும் அதே வாட்ஸ்அப் செய்தியில் பாஸ்வேர்டை எழுதாதீர்கள், தொலைபேசியில் சொல்லுங்கள். நினைவிருக்கட்டும், பூட்டைத் திறந்தவருக்கு உள்ளே உள்ளது அத்தனையும் கிடைக்கும்.

எனவே பூட்டைவிட நல்லது, கொடுக்கவேண்டாததை ஃபைலில் வைக்காமல் இருப்பது. அனுப்பும் முன் இந்த ஐந்தையும் செய்யுங்கள்:

1. மூல ஃபைலை அனுப்பாதீர்கள். புது ஒர்க்புக் திறந்து, தேவையான நெடுவரிசைகளை மட்டும் 'வேல்யூஸ்' ஆக ஒட்டுங்கள்.

2. ஷீட் பெயர் ஒன்றின் மேல் வலது சொடுக்குப் போட்டு, 'அன்ஹைட்' எழுத்து தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். தெளிவாக இருந்தால் உள்ளே மறைந்த ஷீட் இருக்கிறது. மங்கியிருந்தாலும் நிம்மதி அடையாதீர்கள். ஒர்க்புக்குக்குத் தாழ்ப்பாள் போட்டிருந்தாலும் அது மங்கித்தான் நிற்கும்.

3. 'ஃபைல்', 'இன்ஃபோ', 'செக் ஃபார் இஷ்யூஸ்' போய் 'இன்ஸ்பெக்ட் டாக்குமென்ட்' கொடுங்கள். மறைந்த வரிசை, நெடுவரிசை, ஷீட்டுகளை அது தேடிச் சொல்லும், நீக்கவும் செய்யும். நீக்கினால் திரும்ப வராது; ஆகவே பிரதியில் மட்டும் செய்யுங்கள்.

4. 'பிவட் டேபிள்' போட்ட சுருக்கத்தை அப்படியே அனுப்பாதீர்கள். மூலப் பட்டியல் அதற்குள்ளேயே ஒட்டிக்கொண்டு வரும். தொகையின் மேல் இருமுறை சொடுக்கினால் பெயர்கள் விரிந்துவிடும்.

5. பார்ப்பதற்கு மட்டும் என்றால் பிடிஎஃப் ஆக்கி, அதை முழுவதும் ஒருமுறை நீங்களே படித்துப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

இதற்கெல்லாம் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடத்தை யாருக்காகச் செலவிடுகிறோம்? பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டமுடியாமல், பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல் வந்து விண்ணப்பம் எழுதிக் கொடுத்த தாய்க்காக. தன் நோயை உறவினரிடம்கூடச் சொல்லாத பெரியவருக்காக. அவர்கள் நம்மிடம் கொடுத்தது காகிதம் அல்ல, அமானிதம். வாங்கும்போது கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினோம். அதே விவரம் எக்ஸெல்லுக்குள் போனதும் வெறும் திரைச்சீலைக்குப் பின்னால் நிற்கலாமா?

ஆகவே தம்பி தங்கைகளே, காட்சியை அழகாக அமையுங்கள். படிப்பவருக்கு அது உதவி. தாழ்ப்பாள் போடுங்கள், கணக்குக்கு அது காவல். ஆனால் ஒரு குடும்பத்தின் மானம் அதில் இருக்கும்போது, மறைத்ததை நம்பி அனுப்பாதீர்கள். இன்று வீட்டுக்குப் போனதும், நீங்கள் கடைசியாக அனுப்பிய ஃபைலைத் திறந்து, இந்த ஐந்தையும் ஒருமுறை சரிபாருங்கள். சந்தேகம் இருந்தால் அலுவலகத்துக்கு எடுத்து வாருங்கள். சேர்ந்து பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.