‘பரையா’: நம் பெயர், அவர்கள் சொல்



ஆங்கிலத்தில் ‘பரையா’ என்றால் விலக்கி வைக்கப்பட்டவர். பறையர் என்ற நம் பெயர்தான் அது. 1791இல் பிரெஞ்சு எழுத்தாளர் பெர்னார்டின் த சேன் பியர் ‘இந்தியக் குடிசை’ கதையில் ஒரு பரையாவை ஞானியாக்கினார். கதை ஆங்கிலத்துக்கும் போனது. ஜெர்மனியில் கதே ‘பரையா’ என்ற தலைப்பிலேயே கவிதை எழுதினார். பிறகு மாக்ஸ் வெபர் யூதர்களைப் ‘பரையா மக்கள்’ என்றார். சமூகவியல் வகுப்பில் அதைப் படித்த நமக்கு, அந்தச் சொல்லுக்குச் சேரியும் தெருவும் உண்டென்று யாரும் சொல்லவில்லை.

இதே அடையாற்றில் ஆல்காட் 1894இல் நம் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி திறந்தார். அந்த நன்றி நமக்கு உண்டு. ஆனாலும் 1902இல் அவர் எழுதிய சிறுநூலின் தலைப்பு ‘ஏழைப் பரையா’. இரக்கத்திலும் பழைய வாடை!

அதற்கு ஒன்பது ஆண்டு முன்பே இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ என்று தலைநிமிர்ந்து பத்திரிகை தொடங்கிவிட்டார். அயோத்திதாசரோ அந்தப் பெயரே பகைவர் சுமத்தியது என்று மறுத்தார். யார் சரி என்ற சண்டை நம்மிடையே இன்னும் ஓயவில்லை, ஓயவும் வேண்டாம். அது நம் வீட்டுச் சண்டை.

மாணவர்களே, உலக நாடுகள் ஒதுக்கிய நாட்டை ஆங்கிலப் பத்திரிகைகள் இன்றும் ‘பரையா நாடு’ என்கின்றன. அடுத்தமுறை கண்ணில் பட்டால் ஆசிரியருக்கு ஒரு கடிதம் போடுங்கள்.