பல்லும் பயமும்



தொல்காப்பியர் பொருளதிகாரத்து மெய்ப்பாட்டியலிலே மனித உணர்வுகளை எட்டாக வகுத்துக் காட்டுகின்றார். அவற்றுள் முதலாவது நகை, ஐந்தாவது அச்சம். நகை என்ற சொல்லுக்குச் சிரிப்பு என்ற பொருளுடன் பல் என்ற பொருளும் உண்டு. ஆகவே, பல் வைத்தியரின் கதிரையிலே வாயைத் திறந்தபடி கிடப்பவனிடத்தில் இந்த முதலாவதும் ஐந்தாவதும் ஒருங்கே கூடிவிடுகின்றன என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

அச்சம் பிறப்பதற்கு நான்கு காரணங்களைத் தொல்காப்பியர் கூறுகின்றார். அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பன அவை. வகுப்பிலே இந்தப் பகுதியைப் படிப்பிக்கும்போதெல்லாம் என் மனத்தில் ஒரு கேள்வி எழுவதுண்டு. பல் வைத்தியர் இந்த நான்கில் எதற்குள் அடங்குவார்? இந்தக் கேள்வி எனக்கு வெறும் இலக்கணக் கேள்வியன்று. நாற்பது வயதைக் கடந்த பின்னரும் பல் வைத்தியருக்குப் பயந்து திரிந்தவன் நான்.

என் கீழ்க் கொடுப்புப் பல்லொன்றில் சூத்தை விழுந்தது. முதலிலே குளிர்நீர் பட்டாற் கூசும். பின்னர் இரவிலே குத்தும். கராம்பு எண்ணெய், உப்புநீர், பனடோல் என்று இரண்டு வருடங்களைக் கடத்தினேன். காரணம் கேட்டவர்களிடம் நேரமில்லை என்றேன். காசில்லை என்று சொல்ல முடியாது. அரசாங்க வைத்தியசாலையில் இந்தச் சிகிச்சை இலவசம். உண்மையான காரணம், சிறுவயதில் சரியாக விறைக்கு முன்னரே ஒரு பல்லைப் பிடுங்கியபோது நான் பட்ட வேதனையே. ஆசிரியனொருவன் அதை வெளியிற் சொல்ல வெட்கப்பட்டான்.

இதற்கிடையில், பாடசாலைப் பற்சிகிச்சை நிலையத்துக்கு வருமாறு என் ஒன்பது வயது மகளுக்குத் துண்டு கொடுத்திருந்தார்கள். அவளோ போகமாட்டேன் என்று அழுதாள். "நீங்களும் போகேல்லைத்தானே அப்பா?" என்று கேட்டாள். நான் வாயடைத்துப் போனேன். அவள் சாப்பிட மறுத்த நாள்களில், "டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போய் ஊசி போடுவிப்பேன்" என்று வெருட்டியவனும் நானே. என் பயத்தை நானே அவளுக்குச் சீதனமாகக் கொடுத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

சில நாள்களில் கன்னம் வீங்கியது. இனித் தப்ப வழியில்லை. வைத்தியசாலை வாங்கில் துண்டுடன் காத்திருந்த அந்த ஒரு மணித்தியாலம் ஒரு யுகமாகக் கழிந்தது. உள்ளே இருந்தவர் ஓர் இளம் பெண் வைத்தியர். நான் முதன்முறையாக உண்மையைச் சொன்னேன்: "டொக்டர், எனக்குச் சரியான பயம்."

அவர் சிரிக்கவில்லை. "சொன்னது நல்லதாய்ப் போச்சு, மாஸ்டர். சொல்லாத ஆக்களோடைதான் கஷ்டம்" என்றார். பல்லைப் பார்த்த பின்னர் அவர் விளக்கிய விடயம் என் சிந்தனையைக் கிளறியது. விறைப்பு மருந்து, வலிச் செய்தி நரம்பின் வழியே மூளைக்குச் செல்வதைத் தடுக்கின்றது. ஆனால் சீழ் பிடித்த இடத்தில் அமிலத்தன்மை கூடியிருப்பதால் அந்த மருந்து நரம்பினுள்ளே புகுவது குறைந்துவிடுகின்றது. வலிக்குப் பயந்து நாள் கடத்துபவனுக்கே வலி கூடும் என்பது இதன் கருத்து. சிறிய சூத்தையை அடைத்துவிடலாம்; வளர விட்டாற் பிடுங்க வேண்டியதாகிறது. அதனால் பயம் இன்னும் பெருகுகின்றது. தான் அஞ்சுவதைத் தானே படைத்துக்கொள்வது இந்த அச்சத்தின் இயல்பு.

சீழுக்கு மருந்து தந்து, சில நாள்கள் கழித்து வரச் சொன்னார். மறுமுறை ஊசி போடுமுன்னர் ஓர் உடன்படிக்கை செய்தார். "வகுப்பிலே பிள்ளையள் கை உயர்த்துகிற மாதிரி இடக்கையை உயர்த்துங்கோ. நான் உடனே நிறுத்துவன். அமத்துகிறது தெரியும்; அது நோவில்லை. மூச்சை மெதுவாக வெளியே விடுங்கோ." நான் ஒரு தடவை கையை உயர்த்தினேன். நோவுக்காக அன்று, உண்மையில் நிறுத்துவாரா என்று பார்க்கத்தான்! அவர் நிறுத்தினார். அந்தக் கணத்திலேயே என் பயத்தின் பெரும்பகுதி கழன்றது. பல் பிறகுதான் கழன்றது.

என் கேள்விக்கும் அப்போது விடை கிடைத்தது. பல் வைத்தியர் அணங்குமல்லர், விலங்குமல்லர், கள்வருமல்லர். மல்லாந்து கிடந்து, பேசவும் இயலாமல் இன்னொருவர் கையில் முற்றாக ஒப்படைக்கப்பட்டிருக்கும் நிலையே நம்மை அஞ்ச வைக்கின்றது. அது தம் இறை என்ற வகையைச் சேர்ந்த அச்சம். கையை உயர்த்தும் உரிமை கிடைத்ததும் அந்த ஆட்சியில் நமக்கும் பங்கு கிடைத்துவிடுகின்றது.

இன்னொன்றையும் நினைவிற் கொள்ளலாம். 1844ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஹொரஸ் வெல்ஸ் என்ற பல் வைத்தியர், சிரிப்பூட்டும் வாயுவைச் சுவாசித்துத் தம் சொந்தப் பல்லையே பிடுங்குவித்துப் பரிசோதித்தார். 1846இல் பொஸ்ரன் நகர வைத்தியசாலையில் ஈதரைக் கொடுத்துச் சத்திரசிகிச்சைக்கு நோவின்றி வழிசெய்த மோட்டனும் பல் வைத்தியரே. நாம் நோவின் தூதுவர்களாக எண்ணுகிறவர்களே நோவைப் போக்கும் வழியை முதலில் தேடியவர்களுள் அடங்குவர்.

ஆகவே நேயர்களே, பயமிருந்தால் அதை வைத்தியரிடம் முதலிற் சொல்லுங்கள். முதல் நாள் பல்லைக் காட்டிவிட்டு மட்டும் வாருங்கள். நிறுத்துவதற்கு ஒரு சைகையைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளை ஊசியைக் காட்டி வெருட்டாதீர்கள். பயம் அளவு கடந்ததாயின் அதற்கென்றே மருந்தும் உளவளத்துணையும் உண்டு. அவற்றை நாடுவது வெட்கமன்று.

மறுவாரம் மகளைக் கூட்டிச் சென்றேன். கை உயர்த்தும் விதியை முதலிலேயே சொல்லிக் கொடுத்திருந்தேன். அவள் இரண்டு தடவை உயர்த்தினாள், பல்லும் அடைபட்டது. வீடு திரும்பும் வழியிலே, "அப்பா, நீங்கள் எத்தினை தரம் உயர்த்தினனீங்கள்?" என்று கேட்டாள். உண்மையைச் சொன்னேன்.

என் வகுப்பிலே விளங்காமலும் கையை உயர்த்தப் பயந்து குனிந்திருக்கும் மாணவர்களை இப்போது வேறு கண்ணோடு பார்க்கின்றேன். அவர்களுக்கு நானும் ஓர் இறையல்லவா?